பழைய எண்ணெய் கேனில் பைக் பெட்டி

பைக்கின் பக்கவாட்டில் நானே செய்து மாட்டிய பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் தாங்கிய கம்பிதான் முறிந்தது. ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி சென்டர் ஸ்டாண்டு போட்டபோது, வலது பக்கப் பெட்டி ஒரு விரற்கடை இறங்கி இருந்தது. குனிந்து தடவிப் பார்த்தால், வெல்டிங் வைத்த இடத்தை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசல். 10 மில்லிமீட்டர் சதுரக் கம்பி அது. பெட்டியில் இருந்ததோ 7 கிலோ துணிமணி. ஓர் ஆள் ஏறி நின்றாலும் வளையாத கம்பி, 7 கிலோவுக்கு எப்படி விட்டுப்போகும்?

பைக்குக்குச் சொந்தமாகப் பெட்டி செய்கிறவர்கள் பெட்டியைப் பற்றித்தான் அதிகம் யோசிப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் இதில் முக்கால் பங்கு சூட்சுமம் பெட்டிக்கு வெளியே இருக்கிறது: அதிர்வில், காற்றில், மழையில், எடை உட்காரும் இடத்தில்.

முதலில் அந்தக் கம்பி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே போய்க் கீழே வருகிறது, வண்டி முழுக்க ஒரு சின்ன உதறல் ஓடுகிறது. ஒரு மணி நேரம் ஓட்டினால் 3,60,000 உதறல். சாலைக் குழிகள் தனிக் கணக்கு. ஒவ்வொரு உதறலுக்கும் கம்பி கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. இரும்புக் கம்பியைக் கையால் முன்னும் பின்னும் மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதேதான் இங்கே பொடிப்பொடியாக நடக்கிறது. இதை உலோகச் சோர்வு என்பார்கள். தாங்கும் எடைக்கு வெகு கீழேயே ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஜெர்மன் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பார்த்துத்தான் இதைத் தெளிவாக்கினார். எடை எவ்வளவு என்பது மட்டும் போதாது, எத்தனை தடவை என்பதும் வேண்டும்.

சோர்வு எப்போதும் பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். வெல்டிங் வைத்த இடத்தின் ஓரம் அப்படி ஒன்று. அங்கே இரும்பு சூடேறி ஆறியதில் அதன் உள்கட்டு மாறியிருக்கும், இழுவிசையும் உறைந்து நிற்கும், பற்றவைப்பின் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளமும் இருக்கும். என்னுடைய கம்பியில் வளைவு அதிகம் வரும் இடமும் பற்றவைத்த இடமும் ஒன்றாகிவிட்டன.

இரண்டாவது முறை சதுரக் கம்பியை விட்டுவிட்டு, 20 மில்லிமீட்டர் சதுரக் குழாய் வாங்கினேன், தகடு 1.2 மில்லிமீட்டர். மீட்டருக்கு எடை சுமார் 700 கிராம். பழைய திடக் கம்பி மீட்டருக்கு 785 கிராம். எடை குறைந்தது, ஆனால் வளையாமல் நிற்கும் வலு ஆறு மடங்குக்கு மேல் கூடியது. வளையும் பொருளில் நடுப்பகுதி சும்மா இருக்கிறது, இழுபடுவதும் நசுங்குவதும் ஓரங்கள்தான். அதனால் இரும்பை நடுவிலிருந்து எடுத்து ஓரத்துக்குத் தள்ளினால் அதே இரும்பு பல மடங்கு வேலை செய்யும். மூங்கில் உள்ளே வெற்றாக இருந்தும் புயலில் நிற்பது இதனால்தான்.

பெட்டியைத் தாங்கும் இந்தக் குழாய்ச் சட்டத்தை வண்டியின் சேஸிஸில் பற்றவைக்கவே கூடாது. பின் கைப்பிடியின் போல்ட், பின்சீட்டு ஃபுட்ரெஸ்டின் போல்ட் என்று ஏற்கெனவே இருக்கிற இடங்களில் மாட்டினாலே போதும். இடது பக்கம் சாரி கார்டு இருக்கும். பின்சீட்டில் இருப்பவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அதன் மாட்டுப் புள்ளிகளைப் பயன்படுத்தலாம், ஆனால் அந்த மெல்லிய கம்பியிலேயே பெட்டியைத் தொங்கவிடாதீர்கள். பக்கத்துக்கு மூன்று புள்ளிகள், முக்கோணமாக. அப்புறம் முக்கியமான ஒன்று: நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குக் குழாய் போட்டு இரண்டு பக்கச் சட்டங்களையும் இணைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் இரண்டும் கோழி இறக்கை போலத் தனித்தனியாக அடிக்கும். என் பழைய சட்டத்தில் இந்தக் குழாய் இல்லை. இருந்திருந்தால் அந்த விரிசலே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

நட்டு கழலுவதற்கும் இதே உதறல்தான் காரணம். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிடக் குறுக்குவாக்கில் வரும் அதிர்வுதான் நட்டைக் கழற்றும் என்று 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் சோதனை செய்து காட்டினார். குறுக்கே ஆடும்போது மரைகளுக்கு இடையிலான பிடிப்பு நொடிப்பொழுது விட்டுப்போகிறது, நட்டு தானாகச் சுழல ஆரம்பிக்கிறது. உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு ஐந்து பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சரி, இப்போது பெட்டி. சமையல் எண்ணெய் வந்த 35 லிட்டர் கேன்கள் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று அச்சிட்டிருந்தால் அது ஹெச்.டி.பி.இ., அதாவது அடர்த்தி கூடிய பாலித்தீன். மென்மையான பாலித்தீன் பையும் இதுவும் ஒரே எத்திலீனிலிருந்து வந்தவை. பையில் மூலக்கூறுச் சங்கிலிகளுக்குக் கிளைகள் உண்டு. முள் கட்டு போல நெருங்கி அடுக்க முடியாது, அதனால் அது தளர்வாக இருக்கிறது. கேனில் சங்கிலிகள் நேராக இருப்பதால் கரும்புக் கட்டு போல அடுக்கிக்கொள்கின்றன. இப்படி நேரான சங்கிலிகளைக் குறைந்த அழுத்தத்தில் உண்டாக்கும் வழியை 1953-இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர் கண்டுபிடித்தார், 1963-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பைக்குக்கு இந்தப் பொருள் ஏன் பொருத்தம்? விழுந்தால் நசுங்கும், மறுபடி விரியும், உடையாது. தகரம் ஒடுங்கினால் ஒடுங்கியதுதான். குறையும் உண்டு: இரும்போடு ஒப்பிட்டால் விறைப்பு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் பக்கங்களில் வரிப்பள்ளங்கள் உள்ள கேனாகப் பார்த்து எடுங்கள். 1930-களில் ஜெர்மன் ராணுவம் செய்த 20 லிட்டர் பெட்ரோல் கேனின் இரு பக்கமும் பெருக்கல் குறி போல அழுத்தியிருப்பார்கள். அழகுக்கு இல்லை, தட்டையான தகட்டை விறைப்பாக்கத்தான். பூச்சிமருந்தோ ஆசிடோ வந்த கேன் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். எண்ணெய் கேனைச் சலவைச் சோடாவும் சுடுதண்ணீரும் விட்டு இரண்டு மூன்று முறை குலுக்கிக் கழுவுங்கள். வாசனை போக ஒரு வாரமாவது ஆகும், அது பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறியிருக்கும்.

பெட்டிக்கு வாய் வைக்கக் கேனின் ஒரு பக்கத்தை வெட்டிய மறுநிமிடமே ஒன்றைக் கவனிப்பீர்கள். முழுதாக இருந்தபோது கல் போல நின்ற கேன், வாய் திறந்ததும் தொளதொளவென்று ஆடும். மூடிய பெட்டிக்கு ஆறு பக்கமும் ஒன்றையொன்று பிடித்திருக்கும். ஒன்றை எடுத்தால் மற்றவை கோணிக்கொள்ளும். வாயைச் சுற்றி ஓர் அலுமினியப் பட்டையை ரிவிட் அடித்தால் விறைப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். வெட்டும்போது மூலைகளைச் சதுரமாக விடக்கூடாது. முதலில் மூலைக்கு மூலை 10 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, பிறகு ஓட்டைக்கு ஓட்டை ஹாக்சா பிளேடால் அறுங்கள். கூரான மூலையில்தான் கிழிசல் தொடங்கும். வளைவான இடத்தில் விசை பரவிவிடும்.

இந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது, மெழுகில் தண்ணீர் போலத் திரண்டுவிடும். போல்ட்தான் வழி. அதிலும் ஒரு சிக்கல். தொடர்ந்து அழுத்தினால் பிளாஸ்டிக் மெதுவாக நகர்ந்து விலகும், இன்று இறுக்கிய போல்ட் அடுத்த மாதம் தளர்ந்திருக்கும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சாதாரண வாஷருக்குப் பதிலாக 4 சென்டிமீட்டர் வட்டத் தகடு போட்டால் அழுத்தம் 14 மடங்கு பரப்பில் பரவும். வெயிலில் 40 சென்டிமீட்டர் கேன் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும், இரும்புச் சட்டம் அதில் பத்தில் ஒரு பங்குதான் நீளும். அதனால் ஓட்டைகளைக் கொஞ்சம் நீள்வாக்கில் போடுங்கள்.

அப்புறம் மழை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், நான் அதிகம் தப்பு செய்ததும் இங்கேதான்.

மழையில் நிற்கும் வண்டியில் தண்ணீர் மேலிருந்து கீழே வரும். ஓடும் வண்டியில் அப்படி இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டரில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் சுமார் 300 பாஸ்கல், அதாவது 3 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் அளவு. மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் இருக்கும் தண்ணீரைக் காற்று மூன்று சென்டிமீட்டர் மேலே தள்ளி உள்ளே ஊற்றிவிடும். மூடியின் விளிம்பு அதைவிட நீளமாகக் கீழே இறங்கியிருந்தால் தண்ணீர் ஏற முடியாது. நம் ஓட்டு வீட்டு இறவாரம் செய்கிற வேலைதான். இன்னொரு கேனின் சுவரிலிருந்து பட்டைகள் வெட்டி, மூடியின் வெளிப்பக்கம் ரிவிட் அடித்து, 5 சென்டிமீட்டர் தொங்கவிட்டேன். கீலுக்குப் பதில் லாரி டியூபில் வெட்டிய நீளப் பட்டை. இரும்புக் கீல் துருப்பிடிக்கும், இடைவெளி விடும். ரப்பர் பட்டை கீலாகவும் இருக்கும், தண்ணீரையும் தடுக்கும்.

இதைச் செய்யும் முன்பு, மூடியைச் சுற்றி ரப்பர் பீடிங் பொருத்தி, பெட்டியைக் காற்றுக்கூடப் புகாமல் அடைத்திருந்தேன். அப்படியும் ஒரு பயணத்தில் உள்ளே அரை டம்ளர் தண்ணீர். மழை வலுக்கவும் இல்லை, பெட்டி ஓட்டையும் இல்லை. யோசித்தபோது புரிந்தது: வெயிலில் நின்ற பெட்டிக்குள் காற்று 50 டிகிரி. திடீரென்று மழை பிடித்து 27 டிகிரிக்கு இறங்கினால் காற்று 7 சதவீதம் சுருங்கும். 30 லிட்டர் பெட்டியில் இது இரண்டு லிட்டர். அந்த இரண்டு லிட்டரை ஈடுகட்டப் பெட்டி வெளியிலிருந்து உறிஞ்சும். உறிஞ்சும் வழியோ, மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிற ரப்பர் ஓரம்! பெட்டியின் அடியில், சக்கரச் சேறு படாத மூலையில், 5 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டேன். இப்போது அது அந்த வழியாக மூச்சு விடுகிறது. ஓட்டை போட்ட பிறகு பெட்டிக்குள் துணி நனைந்ததே இல்லை.

சைலன்சர் பக்கம் கவனம் வேண்டும். இந்தப் பிளாஸ்டிக் 130 டிகிரி வாக்கில் உருகும், அதற்கு வெகு முன்பே துவண்டுவிடும். நான்கு விரல் இடைவெளி விட்டு, நடுவில் பளபளப்பான அலுமினியத் தகடு ஒன்றை இரண்டு பக்கமும் காற்று ஓடும்படி நிறுத்துங்கள். வெயிலின் புற ஊதாக் கதிரும் எதிரிதான், வெள்ளைக் கேன் சில வருடங்களில் மாவு பூத்து உடையத் தொடங்கும். கறுப்புக் கேன் கிடைத்தால் விடாதீர்கள். அதில் கலந்த கரித்தூள் அந்தக் கதிரை விழுங்கிவிடும், கறுப்புத் தண்ணீர்த் தொட்டி பல வருடம் வெயிலில் நிற்பதும் அதனால்தான்.

எனக்கு ஆன செலவு: இரண்டு கேன் 400 ரூபாய், குழாயும் வெல்டிங் கூலியும் 1,100, போல்ட், ரிவிட், பட்டை எல்லாம் சேர்த்து 300.

இனி எடையை எங்கே வைப்பது. சீட்டுக்குப் பின்னால், பின்சக்கர அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி 10 கிலோ வைத்தால், பின்சக்கரத்தில் 12 கிலோவுக்கு மேல் ஏறும், முன்சக்கரத்திலிருந்து 2 கிலோவுக்கு மேல் குறையும். அச்சு ஒரு நெம்புகோலின் தாங்குபுள்ளி ஆகிவிடுகிறது. முன்சக்கரம் லேசானால் ஹேண்டில்பார் வேகத்தில் நடுங்க ஆரம்பிக்கும். அதனால் கனமானதைப் பக்கப் பெட்டிகளில், அடியில், முடிந்தவரை சீட்டுக்கு நெருக்கமாக. மேலே கேரியரில் துணி, படுக்கை போன்றவை போதும். அகலம் ஹேண்டில்பாரைத் தாண்டக்கூடாது. அப்போதுதான் ஹேண்டில்பார் நுழைகிற இடத்தில் பெட்டியும் நுழையும். இண்டிகேட்டரும் நம்பர் பிளேட்டும் பின்னால் வருபவருக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

பக்கத்துக்குப் பக்கம் 5 கிலோ வித்தியாசம் இருந்தால், வண்டியும் ஆளும் சேர்ந்த எடைமையம் ஒரு சென்டிமீட்டர் வாக்கில் நகரும். கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் நேராகப் போக வண்டியை நாள் முழுக்க மறுபக்கம் லேசாகச் சாய்த்தபடியே ஓட்ட வேண்டும். மாலையில் தோள்பட்டை சொல்லிவிடும்.

எங்கள் தெருவுக்கு விடிகாலையில் வரும் பால்காரர் அண்ணனின் வண்டியில் இருபுறமும் கேன், அச்சுக்கு முன்னால், கால் வைக்கும் உயரத்தில் தொங்கும். ஒரு வீட்டுக்கு இடது கேனிலிருந்து ஊற்றுவார், அடுத்த வீட்டுக்கு வலது கேனிலிருந்து. ஒரு நாள் கேட்டேன், ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் திறக்கலாமே என்று. மூடியை அழுத்தி மூடியபடியே சொன்னார்: “ஒரு பக்கம் காலியானா வண்டி அந்தாண்ட இழுக்கும் தம்பி. மண்ணுல திரும்பும்போது தெரியும்.” அன்றிலிருந்து, என் இரண்டு பெட்டியிலும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். குடிக்கும்போது மாற்றி மாற்றித்தான் எடுக்கிறேன்.