சல்சா: சொல்லும் சம்பலும்

கனடாவிலிருந்து லீவுக்கு வந்த மருமகள் ஒரு போத்தல் சல்சா கொண்டுவந்தாள். அம்மா கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தா. "இது தக்காளிச் சம்பல்தானே பிள்ளை. புளி காணாது" என்றா. சல்சாவுக்குத் தமிழ் தேடுகிறவர்களுக்கு அந்த ஒரு வரியே போதும் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஏன் என்று சொல்ல வேண்டும்.

சல்சா ஸ்பானியச் சொல். அதன் வேர் லத்தீனில் இருக்கிறது: 'சல்' என்றால் உப்பு, 'சல்சா' என்றால் உப்பிட்டது. கடையில் வாங்கும் சோஸும், கலியாண வீட்டுச் சலாட்டும் அதே உப்பிலிருந்து பிறந்த சொற்கள். சல்சா நடனத்தின் பெயரும் இதுதான்.

பெயர் ஐரோப்பாவினது என்றாலும் பண்டம் மெக்சிக்கோவினது. 1519இல் ஸ்பானியப் படை அங்கே இறங்குவதற்கு முன்பே, நாவாட்டில் மொழி பேசிய அஸ்டெக் மக்கள் தக்காளியையும் மிளகாயையும் கல்லில் அரைத்துத் தொட்டுச் சாப்பிட்டார்கள். அவர்களுடைய மொழியில் 'தொமாத்ல்' என்பது முதலில் மெல்லிய உறைக்குள் காய்க்கும் பச்சைக் காயைக் குறித்தது. சிவப்புப் பழத்துக்கு 'ஷித்தொமாத்ல்' என்று வேறு பெயர். தமிழிலும் இதே கதைதான். வேலியோரம் உறைக்குள் காய்க்கும் சிறுதக்காளிக்கே 'தக்காளி' என்ற பெயர் முன்பு உரியது. கடல் கடந்து வந்த சிவப்புப் பழத்தைச் சீமைத்தக்காளி என்றார்கள். பிறகு 'சீமை' உதிர்ந்துவிட்டது. மிளகாயும் அப்படித்தான்: மிளகைப் போல உறைக்கும் காய், மிளகாய். வந்த பொருளுக்குக் கையிலிருந்த சொல்லைக் கொடுத்து வீட்டுக்குள் எடுத்த மொழி, அந்த இரண்டையும் சேர்த்துச் செய்த பண்டத்துக்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

சட்னி பொருந்தாது, எங்களுக்கு அது தோசைக்கு அரைக்கிறது. தொக்கு எண்ணெயில் வதங்கியது. பச்சடி நல்ல தமிழ்தான், பச்சை என்ற பொருளும் உள்ளே நிற்கிறது. ஆனால் பச்சடி என்றதும் பலருக்குத் தயிர் நினைவுக்கு வரும். சம்பலோ பச்சையாகவும் இருக்கும், சுட்ட கத்தரிக்காயிலும் வரும், இடித்தும் வரும், வெட்டியும் வரும். உப்பும் புளியும் உறைப்பும் சேர்ந்தால் சம்பல். மலாய் மொழியிலும் இதே சொல் உண்டு என்பதற்காக அதை அந்நியம் என்று தள்ளுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இடிசம்பல் இல்லாத யாழ்ப்பாணம் உண்டா?

ஆகவே பச்சையாக வெட்டிச் செய்த சல்சா தக்காளிச் சம்பல். நெருப்பில் வாட்டிச் செய்தது சுட்ட தக்காளிச் சம்பல். மாங்காய் சல்சாவுக்குப் பெயர் தேடவே வேண்டாம், மாங்காய்ச் சம்பல் எங்களிடம் முன்பே இருக்கிறது.

மழை ஓய்ந்து, வீட்டுத் தோட்டத்தில் தக்காளி ஒரேயடியாகப் பழுக்கும்போது சந்தையிலும் விலை விழுந்துவிடும். அப்போது இதற்குப் பெரிய செலவில்லை. வெடித்த பழம்கூட ஆகும், வெடித்த இடத்தை வெட்டி எறிந்தால் சரி. நாலு பழம், ஒரு பிடி சின்ன வெங்காயம், மூன்று பச்சைமிளகாய், கொஞ்சம் மல்லியிலை. எல்லாவற்றையும் பொடியாக வெட்டி, ஆனையிறவு உப்புப் போட்டுப் பிசறி, இருபது நிமிடம் விடுங்கள். உப்பு தக்காளியின் நீரை வெளியே இழுக்கும். சட்டியின் அடியில் இளஞ்சிவப்பாய்ச் சாறு தேங்கும். லத்தீன்காரன் 'உப்பிட்டது' என்றது இதைத்தான். சாறு கூடிப்போனால் கொஞ்சம் வடித்து ரசத்துக்கு வையுங்கள். தேசிக்காய்ப் புளியைக் கடைசியில் விட வேண்டும், அதுவும் அம்மா சொன்ன அளவுக்கு: அரைத் தேசிக்காய் காணாது, முழுசாகப் பிழியுங்கள்.