ஸ்டெபிலைசர்: கட்டுப்படுத்தியா, நிலைப்படுத்தியா?

ஃப்ரிட்ஜுக்கு வாங்கிய ஸ்டெபிலைசரின் தமிழ்க் குறிப்பேட்டில், ‘ஆட்டோமேட்டிக் வோல்டேஜ் ரெகுலேட்டர்’ என்பதை ‘தானியங்கி மின்னழுத்தக் கட்டுப்படுத்தி’ என்று அச்சடித்திருக்கிறார்கள். இந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரெகுலேட்டருக்கு வேர் லத்தீன் ‘ரெகுலா’, அதாவது நேர்க்கோல், விதி. ஸ்டெபிலைசருக்கு வேர் ‘ஸ்தாரே’, நிற்பது. நமக்கும் நில் என்பதிலிருந்துதான் நிலை வருகிறது, அப்புறம் என்ன குழப்பம்?

கூட்டத்தைக் கட்டுப்படுத்துகிறோம், சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறோம், மிஞ்சிப் போவதை அடக்குவதற்குத்தான் அந்தச் சொல். எங்கள் தெருவிலோ சாயங்காலமானால் லோ வோல்டேஜ். நேற்று 7 மணிக்குப் பெட்டியில் உள்ளே வருவது 168 வோல்ட் என்று காட்டியது, ‘டக்’கென்று ரிலே (உள்ளே இருக்கும் மின்சுவிட்ச்) விழுந்தது, வெளியே போவது 212 ஆனது. இதில் எதைக் கட்டுப்படுத்தியது? தூக்கியல்லவா விட்டிருக்கிறது! ஃபேன் ரெகுலேட்டரை வேண்டுமானால் கட்டுப்படுத்தி என்று சொல்லுங்கள், நாம் திருகி வேகத்தை மாற்றுகிறோம். ஸ்டெபிலைசருக்கு மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

ரிலே வகையில் வோல்டேஜ் படிப்படியாகத் தாவுகிறதே, அதைப் போய் நிலை என்பதா என்று கேட்பவர்கள் உண்டு. சரி, ரிலே வகை டிரான்ஸ்ஃபார்மரின் டேப்புகளை, அதாவது சுருளில் இடையிடையே எடுத்த முனைகளை, மாற்றி மாற்றித் தொடுகிறது, அதனால் தாவும். சர்வோ வகையில் சின்ன மோட்டார் ஒன்று பிரஷ்ஷைச் சுருளின் மேல் நகர்த்துவதால் ஏற்ற இறக்கம் நுணுக்கமாகச் சரியாகும், ஆனால் மோட்டார் நகர்ந்து முடிக்க நேரம் பிடிக்கும். ஐஜிபிடி என்ற குறைக்கடத்தி சுவிட்ச் வைத்த வகையில் நகரும் பாகமே கிடையாது, வேகம் அதிகம், விலையும் அதிகம். ஜெனரேட்டரில் இருக்கும் ஏவிஆர் (ஆட்டோமேட்டிக் வோல்டேஜ் ரெகுலேட்டர்), காந்தப்புலச் சுருளுக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைத்து அதே காரியத்தைச் செய்கிறது. வழி எதுவானாலும் வோல்டேஜ் 230-ஐ ஒட்டி நிற்க வேண்டும், அந்த வேலைக்குத்தான் பெயர். நிலைப்படுத்தி என்பதே பொருத்தம்.

ஸ்டெபிலைசருக்குச் ‘சீராக்கி’ என்ற சொல்லும் வேண்டாம். ஏசி மின்சாரத்தை டிசி மின்சாரமாக்குவதைத் தமிழ்நாட்டில் அலைதிருத்தம் என்றாலும் இலங்கையில் சீராக்கம் என்றே படிக்கிறார்கள், வீணாக மோதும்.

மொழிபெயர்ப்பவர்கள் கருவியை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு எழுதினால் என்ன? அதே குறிப்பேட்டில் ‘3 நிமிடக் கால தாமதம்’ என்றும் இருக்கிறது. கம்ப்ரெசரைக் காப்பாற்றுவதற்காகப் பெட்டி வேண்டுமென்றே காத்திருக்கும் நேரம் அது. அதைப் படித்த என் அம்மா, பெட்டியில் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.