எடுத்த உறுப்பைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்

“பித்தப்பையில் வெறும் கல்தானே டாக்டர், அதையும் எடுத்தாயிற்று. பிறகு எதற்குத் தனியாகப் பரிசோதனை?” சென்னையில் நோயியல் மருத்துவராக இருக்கும் என்னிடம் பலர் கேட்கும் கேள்வி இது. செலவைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனாலும், எடுத்த உறுப்பை ஒருவர் அறுத்து விரித்துப் பார்க்கும்வரை அந்த அறுவை சிகிச்சை முடிந்ததாக நான் கருதுவதில்லை.

பயாப்சி, அதாவது திசுப் பரிசோதனை என்றதும் எல்லோரும் நுண்ணோக்கியைத்தான் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே கத்தி, அளவுகோல், தராசு ஆகியவற்றோடு ஒரு வேலை நடக்கிறது. நுண்ணோக்கிக்காக நாங்கள் எடுக்கும் துண்டு ஏறக்குறைய 2 செ.மீ. நீளமும் 3 மி.மீ. தடிமனும்தான் இருக்கும். அதிலிருந்து சீவும் படலம் 3 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு கிலோ எடையுள்ள கர்ப்பப்பையை இப்படி முழுவதும் சீவிப் பார்க்க இயலாது. எங்கே எடுப்பது என்பதைக் கண்ணும் விரலும்தான் முடிவு செய்கின்றன. அங்கே தவறவிட்டது கண்ணாடித் தகட்டுக்கு வந்து சேரவே சேராது.

கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். மார்பில் வரும் சாதாரண நார்க்கட்டி வழவழப்பான எல்லையோடு நழுவும். வெட்டினால் வெட்டுமுகம் சற்றுப் பிதுங்கி நிற்கும். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் கல்லாக இறுகி, சுற்றிலும் வேர்விட்டிருக்கும். கத்தி இறங்கும்போதே நறநறக்கும். கர்ப்பப்பையில் வரும் சாதாரணத் தசைக்கட்டியான ஃபைப்ராய்டின் வெட்டுமுகம் வெண்மையாக, சுழிசுழியாக இருக்கும். அதில் ஓரிடம் மிருதுவாகி, ரத்தக் கசிவும் மஞ்சள் நிறமும் தெரிந்தால் அங்கிருந்து கூடுதல் துண்டுகள் எடுப்போம். பித்தப்பைப் புற்றுநோய் சில வேளைகளில் கட்டியாகத் தென்படாமல், சுவரின் ஒரு பகுதி தடித்ததாக மட்டுமே காணப்படும். கல்லுக்காக எடுத்த பையைக் குப்பையில் போடக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கழுத்தில் வரும் நெறிக்கட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் காசநோய்க்கு அதில் பெரும் பங்கு உண்டு. கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அறுத்தால் உள்ளே பனீர் உதிர்ந்ததைப் போல வெளிர் மஞ்சளாகப் பொடியும். ஆனால் முழுக் கட்டியையும் ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்; கிருமிகளையும் கொன்றுவிடும்) போட்டுவிட்டால் அதில் கிருமி வளர்ப்புப் பரிசோதனை செய்ய முடியாது. எந்த மருந்து கேட்கும் என்பதை அறியும் நல்ல வழி ஒன்று அடைபட்டுவிடும். ஆகவே ஒரு பகுதியைச் சலைனில் (உப்புக் கரைசல்) தனியாக அனுப்பச் சொல்லி, அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். காசநோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1950களின் இறுதியில் உலகுக்குக் காட்டிய ஆய்வு நடந்த ஊர் இது. இங்கே ஒரு பாட்டில் குறைந்ததால் நோயாளி அலைக்கழிக்கப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கண் ஏமாறுவதும் உண்டு. பித்தப்பையில் ஒருவகை நாட்பட்ட அழற்சி அச்சு அசலாகப் புற்றுநோயாகவே தோன்றும். குடலில் காசநோயும் அப்படித்தான். தட்டில் வைத்துக் காட்டிய உறுப்பைப் படமெடுத்து உறவினர் குழுவில் போட்டு, ‘கேன்சர்தான்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு உறக்கம் இழக்க வேண்டாம். இறுதி முடிவு நுண்ணோக்கிக்கே உரியது.

சிறிய நர்சிங் ஹோம்களில் பாட்டிலை நோயாளியின் வீட்டாரிடமே கொடுத்தனுப்புகிறார்கள். அப்போது சிலவற்றைக் கவனியுங்கள். திசுவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். வாய் அகன்ற பாத்திரம் வேண்டும். குறுகிய வாயில் திணித்து எடுத்தால் வடிவமே சிதைந்துவிடும். நோயியல் பரிசோதனைக்கான பகுதியை வெறும் சலைனில் வைத்துச் சென்னை வெயிலில் பாதி நாள் சுமந்தால் திசு அழுகத் தொடங்கிவிடும். மார்புக் கட்டியானால் ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குப் போக வேண்டும். தாமதித்தால், ஹார்மோன் சிகிச்சை பலன் தருமா என்பதைக் காட்டும் ஹார்மோன் ஏற்பிகளுக்கான பரிசோதனை பொய்த்துப்போகலாம். பாட்டில் மேல் பெயர், வயது, இடமா வலமா எந்தப் பக்கம் என்பவை எழுதியிருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய ஸ்கேன் அறிக்கையின் நகலையும் சேர்த்துக் கொடுத்தால், கத்தியை எங்கே வைப்பது என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.