கல்லை எறிவது பாரம்

கோட்டைகளை முற்றுகையிடும்போது கல் எறியப் பயன்பட்ட பொறியின் மாதிரியைப் பார்க்க நேர்ந்தால் கண் முதலில் கல் வைக்கும் பக்கம்தான் போகும். பார்க்க வேண்டியது பாரம் தொங்கும் மறுமுனையை.

பிரான்சில் தோர்தோஞ் ஆற்றை ஒட்டிய குன்றின் மேல் காஸ்டெல்நோ கோட்டை நிற்கிறது. இன்று அது இடைக்காலப் போர்முறைக்கான அருங்காட்சியகம். அங்கே முழு அளவில் செய்து நிறுத்தியிருக்கும் பொறிகளில் ஒன்று ட்ரெபுஷே. கிணற்றில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் அடிப்படை சட்டென்று பிடிபடும். நீண்ட மரம், நடுவிலிருந்து விலகிய அச்சு, குட்டைப் பக்கத்தில் பாரம். அந்தப் பாரம் விழும்போது நீண்ட பக்கம் பல மடங்கு வேகத்தில் மேலே எழும்பும்.

ஆனால் எனக்குப் பெரிய வியப்பு அந்த நீண்ட பக்கத்தின் நுனியில் தொங்கும், கல்லை வைக்கும் கவண்தான். மரம் எழும்பும்போது கவண் பின்தங்கி வந்து, கடைசி நொடியில் சுழன்று முந்துகிறது. அப்போது மரத்தின் வேகம் தணிகிறது. பாரத்தின் ஆற்றலில் பெரும்பகுதி கல்லுக்குப் போய்விடுகிறது. கவணின் ஒரு கயிறு மரத்தோடு கட்டப்பட்டது. இன்னொன்றின் வளையம் நுனியிலுள்ள இரும்பு முளையில் சும்மா மாட்டியிருக்கும். கவண் சுழன்று முன்னால் வந்ததும் வளையம் தானாக வழுக்கிக் கழன்றுவிடும். முன்னதாகக் கழன்றால் கல் வானத்துக்குப் போகும். தாமதித்தால் எதிரே தரையில் மோதும். முளையைச் சற்று வளைத்தாலே கல் விழும் இடம் மாறிவிடும்.

இவ்வளவையும் சிறு மாதிரியே செய்துகாட்டும். காட்ட முடியாதது எடை. 6 டன் பாரத்தால் 100 கிலோ கல்லை எறியும் பொறியை நீள, அகல, உயரத்தில் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், பாரம் 6 கிலோ, கல் 100 கிராம். எறியும் தூரமும் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகும். ஆனால் பெரிய பொறியின் மரத்துக்குள் ஏற்படும் அழுத்தம் பத்து மடங்கு. எடை ஆயிரம் மடங்கு கூடுகிறது, அதைத் தாங்கும் குறுக்குவெட்டோ நூறு மடங்குதான். மாதிரியில் அசையாமல் நிற்கும் அச்சு, நிஜத்தில் முறியலாம்.

இப்படியொரு பாரத்துக்கு 1304இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் எங்கே போனார் தெரியுமா? ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் கோட்டையை முற்றுகையிட்டபோது, சுற்றுவட்டாரத் தேவாலயங்களின் கூரை ஈயத்தை உரித்துவரச் சொன்னார். பலிபீடத்துக்கு மேலுள்ள கூரையை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார். பல வாரம் உழைத்துக் கட்டிய அந்தப் பெரும் பொறிக்கு ‘போர் ஓநாய்’ என்று பெயர். கோட்டைக்குள் இருந்தவர்கள் சரணடைய முன்வந்தும் அவர் உடனே ஏற்கவில்லை. பொறி எறிவதைப் பார்த்த பிறகே ஏற்றார்.