சேர்ந்தே விழுந்திருப்பார்களா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய சித்தியும் சித்தப்பாவும் நெடுங்காலம் கலிபோர்னியாவில் வாழ்ந்தவர்கள். சித்தப்பா முதலில் போனார், எட்டு மாதம் கழித்துச் சித்தி. பிள்ளைகள் அப்பாவின் அஸ்தியை அதுவரை வீட்டிலேயே வைத்திருந்து, அம்மாவுடையதையும் அதோடு சேர்த்து, ஒரு சிறிய விமானத்தில் ஏறி பசிபிக் கடலின் மேல் தூவிவிட்டார்கள். இருவரும் கேட்டுக்கொண்டது அப்படித்தான். வாசகியின் கேள்வி ஒரே வரி: "இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்திருப்பார்களா, இல்லை காற்று பிரித்திருக்குமா?"

இந்த ஆண்டு எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் மனதைத் தொட்டது. இதற்கு இயற்பியலில் பதிலும் இருக்கிறது.

முதலில், தூவப்பட்டது என்ன என்று பார்த்துவிடுவோம். நாம் சாம்பல் என்கிறோம், ஆனால் அஸ்தி என்ற சொல்லுக்கே எலும்பு என்றுதான் பொருள். அந்தச் சொல்தான் சரி. 800 முதல் 1000 டிகிரி வரை போகும் எரிவாயு உலையில் தசையும் கொழுப்பும் நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் புகைபோக்கி வழியே போய்விடுகின்றன. மிஞ்சுவது எலும்பின் கனிமப் பகுதி, பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். நம்மூரில் மறுநாள் பால் தெளித்து அதைக் கையால் பொறுக்குகிறோம். அமெரிக்காவில் ஓர் இயந்திரத்தில் போட்டு அரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே சராசரியாக ஓர் ஆணுக்கு ஏறக்குறைய 3 கிலோ, பெண்ணுக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல் கிடைக்கும். ஆள் பருமனாக இருந்தாரா ஒல்லியா என்பது இதில் பெரிதாகத் தெரியாது, எலும்புக்கூட்டின் அளவுதான் கணக்கு. ஆக, அந்த விமானத்தில் இருந்தது மொத்தம் 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

அரைத்தது என்றாலும் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. கடுகளவில் சில துணுக்குகள் இருக்கும். பெரும்பகுதி ரவை போல, பொடி மணல் போல இருக்கும். கொஞ்சம் மாவு போல இருக்கும். இந்த மூன்றும்தான் இனி நம் கதாபாத்திரங்கள்.

விமானத்து ஜன்னலைத் திறந்து கையால் தூவ முடியாது. வெளிக்காற்று சுழன்று உள்ளே வந்து எல்லாவற்றையும் முகத்திலேயே அப்பிவிடும். விமானத்தின் உடலை ஒட்டிச் சில சென்டிமீட்டர் தடிமனுக்குக் காற்று மந்தமாக ஓடுகிறது, அங்கே விட்ட பொடி உடலோடு ஒட்டிக்கொண்டுதான் போகும். அதனால் ஒரு குழாயை அந்த மந்தக் காற்றைத் தாண்டி வெளியே நீட்டுகிறார்கள். குழாயின் வாய் பின்பக்கம் பார்த்துச் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். மணிக்கு 150 கிலோமீட்டரில் காற்று அதைக் கடக்கும்போது வாயருகே அழுத்தம் குறைகிறது, அந்த இழுவிசையே சாம்பலை உறிஞ்சி வெளியேற்றுகிறது. வெளியே வந்ததும் துகள்கள் விமானத்தின் வேகத்தை உடனே இழந்துவிடும். கடுகு பத்துப் பதினைந்து மீட்டர் ஓடி நிற்கும், ரவை ஓரிரு மீட்டரில், மாவோ ஒரு சாணுக்குள். அதன்பின் விமானத்தின் கதை முடிந்தது. இனி துகளும் காற்றும்தான்.

இங்கிருந்துதான் எனக்குப் பிடித்த பகுதி.

களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். முறத்தை உயரே தூக்கிச் சரித்தால் மணி காலடியில் விழும், பதர் தள்ளிப்போய் விழும். காற்று யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. கீழே இழுக்கும் எடைக்கும் தடுத்துப் பிடிக்கும் காற்றுக்கும் நடுவே ஒவ்வொன்றும் தனக்கான ஒரு வேகத்தில் நிலைத்துவிடுகிறது. அதை முற்றுத் திசைவேகம் என்று பள்ளியில் படித்திருப்போம். துகள் சிறுத்தால் அதன் எடை மும்மடியில் குறைகிறது, காற்றின் பிடி அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. எனவே சின்னது மெதுவாக விழுகிறது. மிக நுண்ணிய துகள்களுக்கு ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851 இல் தந்த கணக்கு அழகானது: விட்டம் பாதியானால் வேகம் கால்பங்காகும், பத்தில் ஒன்றானால் நூறில் ஒன்றாகும். மில்லிகன் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தபோது, எண்ணெய்த் துளி எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பார்த்து அதன் அளவைக் கண்டுபிடித்ததும் இந்த விதியை வைத்துத்தான்.

சரி, நம் கணக்கைப் போடுவோம். விமானம் 600 மீட்டர் உயரத்தில் போகிறது. காற்று நொடிக்கு 5 மீட்டர் வீசுகிறது, முகத்தில் இதமாகப் படும் கடற்காற்று அது. 2 மில்லிமீட்டர் கடுகுத் துணுக்கு நொடிக்கு ஏறக்குறைய 8 மீட்டர் விழும். 75 நொடியில் தண்ணீரைத் தொட்டுவிடும், அதற்குள் காற்று அதை 400 மீட்டர்கூடத் தள்ளியிருக்காது. 0.2 மில்லிமீட்டர் ரவை நொடிக்கு 1 மீட்டர். 10 நிமிடம் மிதந்து, 3 கிலோமீட்டர் தள்ளிப்போய் இறங்கும். 20 மைக்ரான் மாவு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நொடிக்கு 3 சென்டிமீட்டர்தான். அது கீழே வர ஐந்தரை மணி நேரம். அந்த நேரத்தில் 100 கிலோமீட்டர் போயிருக்கும். 2 மைக்ரான் தூள் இருந்தால் ஸ்டோக்ஸ் கணக்குப்படி 23 நாள் ஆக வேண்டும், ஆனால் அதற்குள் எங்கோ ஒரு மழை அதைக் கழுவி இறக்கிவிடும்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். விமானம் ஓடுபாதைக்குத் திரும்பும் முன்பே கடுகும் ரவையும் கடலில் சேர்ந்துவிட்டன. ஆனால் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, குளித்து, இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மாவு இன்னும் வானத்தில் இருந்திருக்கிறது. அமெரிக்க விதிப்படி கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர் தாண்டித்தான் தூவலாம். பகலில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும் ஊர் அது. அந்த நுண்ணிய பங்கில் ஒரு பகுதி அவர்கள் வாழ்ந்த நிலத்தின் மேலேயே திரும்ப வந்திருக்கவும் கூடும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். காற்று பிரித்ததா? பிரித்தது. ஆனால் அளவு பார்த்துப் பிரித்தது. கடுகோடு கடுகு, ரவையோடு ரவை, மாவோடு மாவு. சித்தி, சித்தப்பா என்ற வேறுபாடு காற்றுக்குத் தெரிய வழியே இல்லை. இருவர் எலும்பும் ஒரே கனிமம், ஏறக்குறைய ஒரே அடர்த்தி. 20 மைக்ரான் அளவில் ஒரு கிராம் தூளை எடுத்தால் அதில் சுமார் 10 கோடி துகள்கள் இருக்கும். நன்றாகக் கலந்திருந்தால், அவற்றில் ஒருவர் மட்டும் இருந்து மற்றவர் இல்லாமல் போக வாய்ப்பே கிடையாது. கடல் தொட்ட ஒவ்வொரு கூட்டத்திலும் இருவரும் இருந்தார்கள்.

ஆனால் ஜோடி ஜோடியாகக் கேட்டால் பதில் வேறு. சித்தியின் ஒரு துகளும் சித்தப்பாவின் ஒரு துகளும் பக்கத்துப் பக்கத்தில் கிளம்பினால் சேர்ந்தே இருக்குமா? இந்தக் கேள்வியைத் தண்ணீரில் சோதித்த இருவர் உண்டு. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனும் ஹென்றி ஸ்டாமலும் ஸ்காட்லாந்தில் ஒரு நீர்நிலையில், முள்ளங்கி போலிருக்கும் பார்ஸ்னிப் கிழங்கின் துண்டுகளை இரண்டிரண்டாக மிதக்கவிட்டு, அவை எவ்வளவு விலகுகின்றன என்று அளந்து 1948 இல் கட்டுரை எழுதினார்கள். காற்றைப் பற்றி ரிச்சர்ட்சன் 1926 லேயே சொன்னதுதான் அங்கும் தெரிந்தது: விலக விலக, விலகும் வேகமும் கூடுகிறது. அருகருகே இருக்கும்போது சின்னச் சுழல்கள் மட்டுமே அவற்றைப் பிரிக்க முடியும், பெரிய சுழல் இரண்டையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போகும். கொஞ்சம் விலகிய பிறகு நடுத்தரச் சுழலும் பிடித்து இழுக்கும், அப்புறம் பெரியது. ஆக, ஒரு குறிப்பிட்ட ஜோடி கட்டாயம் பிரியும். ஆனால் அதே சுழல்தான் ஒவ்வொரு துகளுக்கும் புதுப்புது அண்டை வீட்டாரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த அண்டை வீட்டாரிலும் ஏறக்குறைய பாதிப்பேர் மற்றவரே.

இதில் 'நன்றாகக் கலந்திருந்தால்' என்ற நிபந்தனை சாதாரணமானதல்ல. ஒருவர் அஸ்தியை அடியில் கொட்டி, மற்றவருடையதை மேலே கொட்டி மூடியிருந்தால்? குழாய் வழியாக முதலில் ஒருவர், பிறகு ஒருவர் வெளியேறுவார்கள். 5 கிலோ வெளியேற ஒரு நிமிடம் ஆனது என்றால் அதற்குள் விமானம் இரண்டரைக் கிலோமீட்டர் பறந்திருக்கும். அதாவது கடுகுத் துணுக்குகள் கடலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கோடுகளாக விழுந்திருக்கும், ஒரு கோட்டின் நடுவிலிருந்து மற்றதன் நடு ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. ரவை ஓரளவு பரவி, இரண்டும் சந்திக்கும் விளிம்பில் கலந்திருக்கலாம். மாவு மட்டும் காற்றில் பல மணி நேரம் சுற்றியதால் தானாகவே கலந்திருக்கும். குலுக்கிக் கலக்கலாம் என்றும் நினைக்கக் கூடாது. அரிசியும் நொய்யும் கலந்த டப்பாவைத் தட்டிப் பாருங்கள், நொய் அடிக்குப் போகும், முழு அரிசி மேலே வரும். அஸ்தியும் அப்படித்தான். அகலமான தட்டில் பரப்பிக் கையாலோ கரண்டியாலோ பிசறிக் கலப்பதே சரியான வழி, தூவுவதற்குக் கொஞ்சம் முன்னால்.

வாசகியின் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. "ஆகாயத்தில் விட்டால் ஆவி நிலைகொள்ளாமல் அலையும்" என்று யாரோ சொல்ல, தங்கையை இழந்த அவருடைய அம்மா தூக்கமில்லாமல் தவிக்கிறாராம். எனக்கு இது கோபத்தைத் தருகிறது. துக்கத்தில் இருக்கும் ஒரு தாயிடம் போய்ச் சொல்லும் வார்த்தையா இது? சடங்கு மனதுக்கு ஆறுதல் என்றால் செய்யட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. பயமுறுத்துவது சடங்கு ஆகாது. ஜவகர்லால் நேரு 1954 இல் எழுதிய உயிலில், தனக்கு மதச் சடங்கு எதுவும் வேண்டாம் என்றார். ஒரு கைப்பிடிச் சாம்பலைக் கங்கையில் விடக் கேட்டதும் அந்த ஆற்றின் மேல் இளமை முதல் இருந்த பாசத்தால்தான். பெரும்பகுதியை விமானத்திலிருந்து, உழவர்கள் பாடுபடும் வயல்களின் மேல் தூவச் சொன்னார். 1964 இல் அப்படியே செய்தார்கள். இந்த மண்ணோடு கலந்துபோகவே அவர் விரும்பினார்.

அம்மாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். மண்ணில் ஒரே இடத்தில் கொட்டினால் அஸ்தியின் காரத்தன்மையும் உப்பும் செடியைக் கருக்கிவிடும். 5 கிலோ ஒரு சதுர கிலோமீட்டரில் பரவினால் சதுர மீட்டருக்கு 5 மில்லிகிராம்தான், எதற்கும் தீங்கில்லை.

விண்வெளிக்குப் போன தம்பதியும் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர் ஜீன் ராடன்பெரி 1991 இலும், அவர் மனைவியும் நடிகையுமான மேஜல் பாரெட் 2008 இலும் இறந்தார்கள். இருவர் அஸ்தியின் சிறு பகுதிகள் 2024 ஜனவரியில் வல்கன் ராக்கெட்டில் ஏறி, இப்போது சூரியனைச் சுற்றும் பாதையில் இருக்கின்றன. அங்கே காற்றே இல்லை, அதனால் தூற்றலும் இல்லை. நிலவில் 1971 இல் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் ஒன்றாகவே விழவைத்துக் காட்டினாரே, அதே காரணம். காற்றில்லாத இடத்தில் கடுகும் மாவும் ஒரே வேகம்தான்.

மாவுத் துகளைப் பற்றி இவ்வளவு பேசியதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. நம் நுரையீரலுக்குள் போகும் பிஎம் 2.5 தூசி, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான தூசி, எத்தனை நாள் காற்றில் நிற்கும், எந்த ஊருக்குப் போய்ச் சேரும் என்பதும் இதே கணக்குதான். நம் நாட்டில் பல சிறு நகரங்களில் அதை அளக்க ஒரு நிலையான கருவிகூட இல்லை. ராக்கெட்டுக்குப் பணம் ஒதுக்குவதில் எனக்கு மகிழ்ச்சியே. தாலுகா ஊர்களில் தூசி அளக்கும் கருவிக்கும் அதில் ஒரு துளி ஒதுக்கினால் ஆய்வாளர்கள் எவ்வளவோ கற்றுக்கொள்வார்கள்.

வாசகிக்கு ஒரு வேண்டுகோள். தூவிய தேதி, நேரம், எந்தக் கடற்கரைக்கு நேரே என்பதைப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதுங்கள். இரண்டையும் எப்படிக் கலந்தார்கள் என்பதையும் கேளுங்கள். அன்றைக்கு அங்கே எந்தத் திசையில், என்ன வேகத்தில் காற்று வீசியது என்று வானிலைப் பதிவுகளில் தேடிப் பார்க்கிறேன். கிடைத்தால் கடுகு, ரவை, மாவு மூன்றும் போன வழியை ஒரு வரைபடத்தில் குறித்து அனுப்புகிறேன். அம்மாவிடம் காட்டலாம்.