பதிவு செய்த உயிலும் ஏன் தோற்கிறது?

“இது பதிவு செய்த உயில், யாராலும் அசைக்க முடியாது.” இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் இப்போது எங்கே?

பெரும்பாலும் கிடைக்கிற பதில்: ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவர் யாரென்றே தெரியாது, அன்றைக்கு ஆவண எழுத்தர் கூட்டிக்கொண்டு வந்த ஆள். அந்த நிமிடத்திலேயே பாதி வழக்கு கைவிட்டுப் போய்விடுகிறது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை இன்னாருக்கு என்று தெளிவாக எழுதிவைத்துவிட்டுப் போனவரின் விருப்பம், சாட்சி இல்லாத ஒரே காரணத்தால் வெறும் காகிதமாகிறது. இதைத் தடுக்கச் செலவு எதுவும் ஆகாது என்பதுதான் மனதை அதிகம் வருத்துகிறது.

பதிவைப் பற்றி முதலில் தெளிவாக்கிவிடலாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. கிரயப் பத்திரத்தைப் பதிவு செய்யாவிட்டால் சொத்தே கைமாறாது. உயில் அப்படிப்பட்டது அல்ல. வெள்ளைத்தாளில் எழுதி, முறைப்படி கையெழுத்தும் சாட்சியும் இருந்தால் அது முழு உயில். முத்திரைத்தாளும் வேண்டாம், உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. கையால் எழுதலாம், தட்டச்சும் செய்யலாம். அப்படியானால் பதிவு எதற்கு? இன்ன தேதியில் இன்னார் சார்பதிவாளர் முன் வந்து “இது நான் எழுதியதுதான்” என்று ஒப்புக்கொண்டார் என்பதற்கு அது ஒரு நல்ல சான்று. உயில் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். பிற்பாடு யாரும் பக்கத்தை மாற்ற முடியாது. இவ்வளவும் பயன்தான், முடிந்தால் பதிவு செய்யுங்கள். ஆனால் பதிவு உயிலை நிரூபித்துவிடாது.

இதை எத்தனை முறை சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள், அதனால் சட்டம் சொல்வதை அப்படியே சொல்கிறேன். சாட்சிக் கையெழுத்துத் தேவைப்படும் ஓர் ஆவணத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க, உயிரோடு இருந்து சாட்சி சொல்லக்கூடிய நிலையில் இருக்கும் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 68-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் 67-ஆம் பிரிவு. பதிவு செய்த மற்ற ஆவணங்களுக்கு அதே பிரிவு ஒரு சலுகை தருகிறது: எழுதிக்கொடுத்தவர் மறுக்காதவரை சாட்சியை அழைக்க வேண்டியதில்லை. அந்தச் சலுகையிலிருந்து உயிலை மட்டும் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கிறது சட்டம். முப்பது ஆண்டு கடந்த பழைய ஆவணம் என்றால் உண்மையானதாகவே கொள்ளலாம் என்ற அனுமானமும் உயிலுக்குப் பொருந்தாது. காரணம் எளிது. எழுதியவர் திரும்பி வந்து “ஆம், என் கையெழுத்துதான்” என்று சொல்லப்போவதில்லை. அவருக்காகப் பேச மிச்சமிருப்பது சாட்சி மட்டுமே.

பதிவு அலுவலகத்தில் ‘அடையாள சாட்சி’ என்று கையெழுத்துப் போடுகிறவர்களையும் உயிலின் சாட்சிகளாக நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வதெல்லாம் “வந்திருப்பவர் இன்னார்தான்” என்பதை மட்டுமே. அவர்களோ சார்பதிவாளரோ தாமாக உயிலின் சாட்சியாகிவிட மாட்டார்கள், சாட்சியாக நிற்கும் எண்ணத்தோடு கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்று 1969-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உயிலின் கடைசிப் பக்கத்தில் ‘சாட்சிகள்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு பேர் தனியாக இருந்தே ஆக வேண்டும்.

சாட்சி வைக்கும் முறை 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவில் இருக்கிறது. எழுதிவைப்பவர் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். அவரால் முடியாவிட்டால் அவர் முன்னிலையில், அவர் சொல்லி, வேறொருவர் போடலாம். குறைந்தது இரண்டு சாட்சிகள். ஒவ்வொரு சாட்சியும் அவர் கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது “இது என் கையெழுத்து” என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு சாட்சி போடும் கையெழுத்து, எழுதிவைப்பவரின் முன்னிலையில் போடப்பட வேண்டும். உயில்கள் சரிவது பெரும்பாலும் இந்தக் கடைசி வரியில்தான். அப்பாவிடம் காலையில் கையெழுத்து வாங்கிவிட்டு, மாலையில் மகன் அதைப் பக்கத்துத் தெரு நண்பர் வீட்டுக்கு எடுத்துப்போய் “ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று வாங்கி வருகிறார். குறுக்கு விசாரணையில் இரண்டாவது கேள்விக்குள் அது வெளியே வந்துவிடும். அத்தோடு உயில் முடிந்தது.

இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஆனாலும் நீங்கள் இருவரையும் ஒன்றாகவே உட்காரவையுங்கள். பின்னாளில் ஒருவர்தான் நீதிமன்றம் வரும் நிலை ஏற்பட்டால், அவர் தன் கையெழுத்தைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது. மற்றவரும் முறைப்படி கையெழுத்திட்டதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? உயிலின் முடிவில் இப்படி ஒரு வாசகம் இருக்கட்டும்: “மேற்படி உயிலை எழுதிவைத்தவர் எங்கள் முன்னிலையில் கையெழுத்திட்டதை நாங்கள் இருவரும் நேரில் பார்த்தோம். அவர் முன்னிலையிலேயே நாங்களும் சாட்சிக் கையெழுத்திட்டோம்.” அதன் கீழே இருவரின் பெயர், தகப்பனார் பெயர், வயது, முழு முகவரி. புரியாத கிறுக்கல் கையெழுத்து மட்டும் இருந்தால் இருபது ஆண்டு கழித்து அந்த ஆளை எங்கே தேடுவது?

யாரைச் சாட்சியாக வைக்கலாம்? உங்களைவிட வயதில் கணிசமாக இளையவரை. உங்களை நன்றாகத் தெரிந்தவரை, ஊரைவிட்டுப் போக வாய்ப்புக் குறைவானவரை, அழைத்தால் நீதிமன்றம் வரத் தயங்காதவரை. எழுபத்தைந்து வயதில் உயில் எழுதுகிறவர் எழுபத்தெட்டு வயது நண்பரைச் சாட்சி வைப்பதில் அன்பு இருக்கிறது, பயன் இல்லை. குடும்ப மருத்துவர் ஒரு சாட்சியாக இருந்தால் மிக நல்லது. கையெழுத்தோடு உங்கள் தெளிந்த மனநிலைக்கும் அவரே சாட்சி. உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பது சாட்சிக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே ரகசியம் வெளியே போய்விடும் என்று பயந்து யாரோ ஒருவரைப் பிடித்துவர வேண்டியதில்லை.

சொத்துப் பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள், அவருடைய கணவன் மனைவியையும் வைக்காதீர்கள். கிறிஸ்தவர்களுக்கு இதில் சட்டம் கடுமை: சாட்சிக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ கொடுத்த பங்கு மட்டும் செல்லாமல் போகும். இந்துக்களின் உயிலுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, ஆனால் சந்தேகம் பொருந்தும்.

சந்தேகம் என்றதும் சொல்ல வேண்டியது, 1959-இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி. உயில் வழக்கு எதுவானாலும் இன்றும் அங்கிருந்துதான் வாதம் தொடங்குகிறது. நடுங்கிய கையெழுத்து, மனத்தெளிவு பற்றிய ஐயம், காரணமே இல்லாமல் நெருங்கிய வாரிசை ஒதுக்கியிருப்பது, பெரும்பங்கு பெறுகிறவரே முன்னின்று உயிலை ஏற்பாடு செய்திருப்பது ஆகியவை சந்தேகத்துக்குரிய சூழ்நிலைகள். அவற்றைப் போக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருகிறவருடையது. எனவே பிள்ளைகளே, அப்பா அம்மா உயில் எழுதும்போது தயவுசெய்து அந்த அறையைவிட்டு வெளியே இருங்கள். வழக்கறிஞரிடம் கூட்டிப்போவது, வாசகம் சொல்வது, பணம் கட்டுவது, பதிவு அலுவலகத்தில் கையைப் பிடித்து ரேகை வைக்க உதவுவது, இவை எல்லாம் பாசத்தால் செய்தாலும் நாளைக்கு உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

உயில் எழுதுகிறவர்களே, ஒரு பிள்ளைக்குக் குறைவாகவோ ஒன்றும் இல்லாமலோ விட்டால், ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். “என் மூத்த மகளுக்கு வீடு கட்ட முன்பே பணம் கொடுத்துவிட்டேன், ஆகையால் இந்தச் சொத்தில் பங்கு வைக்கவில்லை” என்றால் போதும். திட்டி எழுத வேண்டாம். அவர் பெயரையே சொல்லாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அப்படி ஒரு மகள் இருப்பதே நினைவில் இல்லாத நிலையில் எழுதினார் என்று வாதம் வரும். மருத்துவமனைக் கட்டிலில் எழுதும் உயில் செல்லாது என்று சட்டம் இல்லை, ஆனால் அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு. நடமாட்டமாக இருக்கும்போதே எழுதுங்கள். வயது அதிகம் என்றால், அதே நாளில் “சுயநினைவோடும் தெளிவாகவும் இருக்கிறார்” என்று மருத்துவர் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்வை இல்லாதவரும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் தாராளமாக உயில் எழுதலாம். படித்துக் காட்டி, புரிந்துகொண்டு, சரி என்று ஒப்புக்கொண்ட விவரத்தை உயிலிலேயே குறிப்பிட வேண்டும்.

இனி உயிலுக்குள் என்ன எழுதுவது. “என் நிலம் எல்லாம் மகனுக்கு” என்று எழுதினாலும் செல்லும், சட்டம் குறிப்பிட்ட சொற்களைக் கேட்பதில்லை. பட்டா மாற்றப் போகும்போதுதான் அழ வேண்டியிருக்கும். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை, உங்களுக்கு அந்தச் சொத்து வந்த பத்திரத்தின் எண், ஆண்டு, பதிவு அலுவலகம் எல்லாவற்றையும் சொத்து விவரத்தில் போடுங்கள். வைப்புத்தொகைக்கு ரசீது எண் போடாதீர்கள். புதுப்பிக்கும்போது எண் மாறிவிட்டால் குழப்பம். இன்ன வங்கி, இன்ன கிளையில் என் பெயரில் உள்ள எல்லா வைப்புகளும் என்று எழுதினால் தீர்ந்தது. ஒருவருக்கென்று குறிப்பிட்டு எழுதிய மனையைப் பிறகு நீங்களே விற்றுவிட்டால் அவருக்கு அந்தப் பணம் போகாது, அந்தக் கொடை அப்படியே அற்றுப்போகும். விற்றால் உயிலையும் மாற்றுங்கள். முடிவில் ஒரு வரி மறக்கவே கூடாது: “இதில் சொல்லப்படாத, இனிமேல் நான் அடையக்கூடிய மற்ற எல்லாச் சொத்துகளும் இன்னாருக்கு.” இது இல்லாவிட்டால் விட்டுப்போனவை உயில் இல்லாத சொத்தாகி வாரிசுகள் எல்லோருக்கும் பிரியும்.

மனைவிக்கு ஆயுள் உரிமை மட்டும் கொடுத்து, அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு என்று எழுதும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இங்கே குறுக்கே வரும். ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்தது என்று ஆகிவிட்டால், ஆயுள் உரிமை என்று எழுதியிருந்தாலும் முழு உரிமையாக மாறிவிடும் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த ஒரு வாசகத்தையாவது வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள். அதைவிட நேர்மையான கேள்வி ஒன்று உண்டு. இத்தனை ஆண்டு உங்களோடு உழைத்தவருக்கு முழு உரிமையாகவே கொடுத்தால் என்ன?

உங்களுடையது அல்லாததை உயிலில் எழுத முடியாது. கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் உங்கள் பாகத்துக்கு மட்டுமே உயில் எழுதலாம். 2005 செப்டம்பர் 9-இல் அமலுக்கு வந்த திருத்தத்தால் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. தந்தை அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. அதே சமயம் அப்பாவிடமிருந்து வந்ததெல்லாம் பூர்வீகம் என்று நினைக்காதீர்கள். 1956-க்குப் பின் அப்பா உயில் இல்லாமல் இறந்து, அவருடைய சுயசம்பாத்தியம் உங்களுக்கு வந்திருந்தால், அது உங்கள் தனிச் சொத்து. முஸ்லிம்களுக்குக் கணக்கே வேறு: இறுதிச் சடங்குச் செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் உயில் வழியே கொடுக்க முடியாது, வாரிசு ஒருவருக்குக் கொடுப்பதானால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். கிறிஸ்தவர் திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் தானாகவே ரத்தாகிவிடும், திருமணத்துக்குப் பின் புதிதாக எழுத வேண்டும்.

“நாமினி போட்டிருக்கிறேனே” என்பது அடுத்த தவறு. வங்கியில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டும்தான், உரிமையாளர் அல்ல. நிறுவனப் பங்குகளுக்கும் அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பின் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தனி விதி. நாமினியும் உயிலும் ஒரே பெயரைச் சொல்லட்டும், சண்டைக்கு இடமிருக்காது.

உயிலில் பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள். கையெழுத்தான பிறகு செய்யும் திருத்தம், மீண்டும் உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் செல்லாது. மாற்ற வேண்டுமா, புதிதாக எழுதுங்கள். “இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்” என்று, பழையதன் தேதியும் பதிவு எண்ணும் குறிப்பிட்டு எழுதுங்கள். பதிவு செய்த உயிலைப் பதிவு செய்யாத பிந்தைய உயில் ரத்து செய்யும். ஆனால் அந்த நிலையில் சண்டை நிச்சயம், ஆகவே முதலாவது பதிவானதென்றால் இரண்டாவதையும் பதிவு செய்துவிடுங்கள்.

எழுதி முடித்த உயிலை வங்கி லாக்கருக்குள் வைத்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருந்தால், அது இருப்பதே தெரியாமல் சொத்துப் பிரிந்துவிடும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். உயில் பதிவாவது மூன்றாம் புத்தகத்தில், வில்லங்கம் எடுக்கும் முதலாம் புத்தகத்தில் அல்ல. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்களையோ உங்கள் அதிகாரம் பெற்றவரையோ தவிர யாருக்கும் நகல் தர மாட்டார்கள், அந்த அளவில் ரகசியம் பத்திரம். ரகசியம் இன்னும் முக்கியம் என்றால், முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம். நீங்கள் காலமான பிறகு மனுச் செய்தால் உறையைத் திறந்து நகல் தருவார்கள். எப்படி வைத்தாலும், பதிவு எண், ஆண்டு, அலுவலகம், சாட்சிகளின் முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதி, நிறைவேற்றாளராக, அதாவது உங்களுக்குப் பின் உயிலைச் செயல்படுத்தும் பொறுப்புக்கு, நீங்கள் உயிலில் நியமித்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சாட்சிகள் இருவருமே போய்விட்டால், அவர்களில் ஒருவரின் கையெழுத்தையும் உங்கள் கையெழுத்தையும் அடையாளம் காட்டத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்து நிரூபிக்க வழி இருக்கிறது. அந்த அலைச்சலைப் பிள்ளைகள் தலையில் கட்ட வேண்டாம். சாட்சிகளில் ஒருவர் காலமான செய்தி வந்தால், துக்கம் விசாரித்துவிட்டு வந்து, உங்களுக்குக் கையும் நினைவும் தெளிவாக இருக்கும்போதே அதே வாசகத்தைப் புதிய தேதியில், புதிய இரண்டு சாட்சிகளோடு மறுபடி எழுதிவிடுங்கள்.