புது பம்ப் மாட்டியதும் லாரி காலையில் ஏன் மக்கர் செய்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "லாரியில் டேங்கிலிருந்து டீசலைக் கொண்டுவரும் பழைய ஃபீட் பம்பை எடுத்துவிட்டு, அதிக டீசல் தள்ளும் பெரிய பம்ப் மாட்டினேன். மேட்டில் இழுவை பிரமாதம். ஆனால் காலையில் 20 விநாடி செல்ஃப் அடித்தால்தான் எடுக்கிறது. ஒருமுறை எடுத்துவிட்டால் அன்று முழுக்கத் தொட்டதும் ஸ்டார்ட். எங்கேயும் ஒரு சொட்டு டீசல் ஒழுகவில்லை. பழைய பம்ப்தான் வண்டிக்கு ராசி, திரும்ப மாட்டிவிடு என்கிறார்கள். மாட்டிவிடலாமா?"

வேண்டாம். விடை அவர் கேள்வியிலேயே இருக்கிறது. காலையில் மட்டும், ஒரு சொட்டுகூட ஒழுகாமல். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் முதலில் காற்றின் மேல்தான் போகிறது. மெக்கானிக்குகள் "ஏர் பிடிச்சிருக்கு" என்பார்களே, அதுதான்.

அடிப்படையை எல்லாரும் பள்ளியிலேயே படித்திருப்போம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை 16, 18 மடங்கு நசுக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய எஞ்சினிலிருந்து இன்றுவரை இதே கதைதான். இப்போதைய காமன் ரெயில் வண்டிகளில் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு. ரெயில் என்ற தடித்த குழாயில் போதுமான அழுத்தம் ஏறும்வரை ஈ.சி.எம். என்ற எஞ்சின் கணினி, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. வண்டிக்கு வண்டி மாறும் என்றாலும், ஏறக்குறைய 200 முதல் 300 பார் வேண்டும். செல்ஃப் மோட்டார் சுற்றும் அந்த மெதுவான வேகத்திலேயே, ஃபீட் பம்ப் தரும் டீசலை ரெயிலுக்குள் திணிக்கும் ஹை பிரஷர் பம்ப் இதை எட்டியாக வேண்டும். எட்டாதவரை செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் எடுக்காது.

சரி, அழுத்தம் ஏன் ஏறவில்லை? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, குமிழி இல்லாமல் வெளியேற்றி, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கல்லை அழுத்துவது போல இருக்கும். இப்போது கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு மறுபடி அழுத்துங்கள். மெத்தென்று இறங்கும், கையை எடுத்தால் திரும்ப எழும்பும். நீங்கள் கொடுத்த உழைப்பு முழுவதும் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விட்டது.

டீசலும் தண்ணீரைப் போலத்தான், லேசில் சுருங்காது. 300 பார் அழுத்தம் கொடுத்தாலும் அதன் கன அளவு 2 சதவீதம் அளவுக்குத்தான் குறையும். ரெயிலும் குழாய்களும் சேர்ந்து 30 மில்லி கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே முழுக்க டீசல் இருந்தால், 300 பார் ஏற்றுவதற்கு இன்னும் 0.6 மில்லி டீசலைத் திணித்தால் போதும். அதே இடத்தில் 1 மில்லி காற்று சிக்கியிருந்தால்? 300 பாரில் அந்தக் காற்று கடுகளவாகச் சுருங்கிவிடும். அது விட்டுப்போன இடத்தையும் டீசலால் நிரப்ப வேண்டும். 0.6 என்பது 1.6 ஆகிவிடுகிறது. 5 மில்லி காற்று என்றால் ஒன்பது மடங்கு வேலை. விரல்நுனி அளவுக் குமிழி ஒரு லாரியையே நிறுத்திவைக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

காற்று ஹை பிரஷர் பம்பின் அறைக்குள்ளேயே போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். அதில் டீசலை நசுக்கும் தண்டான பிளஞ்சர் மேலே போய் நின்றாலும் அதன் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். அறை நிறையக் காற்று இருந்து, அது 20 மடங்கு சுருங்குகிறது என்றால், சூடாவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அதன் அழுத்தம் சுமார் 20 பார்தான் ஆகும். வெளியே ரெயிலில் 100 பார் இருந்தால் வெளிவால்வு திறக்காது. பிளஞ்சர் கீழே இறங்கும்போது அதே காற்று விரிந்து அறையை நிரப்பிவிடுவதால் புது டீசலும் உள்ளே வராது. ஒரே காற்றை நசுக்குவதும் விடுவதுமாகப் பம்ப் சுற்றிக்கொண்டிருக்கும்.

காற்று எப்படி நுழைந்தது? பம்ப் டீசலை இழுக்கிறது என்கிறோம். உண்மையில் எந்தப் பம்பும் இழுப்பதில்லை. அது தன் முன்னால் அழுத்தத்தைக் குறைக்கிறது, டேங்கின் மேல் இருக்கும் வளிமண்டலம்தான் டீசலைத் தள்ளிவிடுகிறது. ஆகவே டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஒழுகல் இல்லாததன் காரணம் இதுதான். பெரிய பம்ப் வந்ததும் ஓட்டம் கூடுகிறது. வளைவுகளிலும் குறுகலான இடங்களிலும் ஓட்டம் ஒன்றரை மடங்கானால் அழுத்த இழப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். இத்தனை நாள் தாக்குப்பிடித்த பழைய ஹோஸ் இணைப்பு இப்போது காற்று விடுகிறது. போதாததற்கு, டீசலில் ஏற்கெனவே கரைந்திருக்கும் காற்றும், சோடா மூடியைத் திறந்தது போல, குறைந்த அழுத்தத்தில் குமிழியாக வெளிவரும்.

இரவில் நடப்பது உறிஞ்சுகுழல் வித்தை. குழலின் மேல்முனையை விரலால் மூடித் தூக்கினால் உள்ளே இருக்கும் நீர் நிற்கும், விரலை எடுத்தால் விழுந்துவிடும். கசியும் இணைப்புதான் இங்கே எடுக்கப்பட்ட விரல். எஞ்சின் நின்ற பிறகு காற்று மெல்ல நுழைய, டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. அரை மணி நேர நிறுத்தத்தில் அவ்வளவு இறங்காது, எட்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். புதுப் பம்பில், டீசலைத் திரும்ப விடாத ஒருவழி வால்வு (நான்-ரிட்டர்ன் வால்வ்) இல்லாவிட்டாலும், இருந்து சரியாக மூடாவிட்டாலும் இதே விளைவுதான்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது, டீசல் குழாயைப் பம்போடு இணைக்கும் துளையுள்ள போல்டான பேன்ஜோ போல்டின் காப்பர் வாஷரை. பம்ப் மாற்றும்போது பழைய வாஷரையே திரும்பப் போட்டுவிடுவார்கள். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிப்போய்விடும், புது முகத்தோடு ஒட்டிப் படியாது. எடுத்துப் பார்த்தால் வளையத்தில் மெல்லிய பள்ளம் தெரியும், நகத்தை வைத்தால் தட்டும். புதுசு போடுங்கள். அதற்கப்புறம் விறைத்துப்போன ரப்பர் ஹோஸ், கிளிப், ஃபில்டரின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்.

காரணம் தேடாமல் பாகத்தை மாற்றிக்கொண்டே போவதும், "ராசியில்லை" என்று கைவிடுவதும் என் பார்வையில் ஒரே வகைதான். இரண்டிலும் யாரும் எதையும் அளப்பதில்லை. சட்டென்று பற்றிக்கொள்ளும் ஈதர் ஸ்பிரேயை அடித்து எஞ்சினை எழுப்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஸ்டார்ட் ஆக உதவச் சூடேற்றும் குளோ பிளக்கோ ஹீட்டரோ உள்ள எஞ்சினில் அது வெடிக்கலாம். காமன் ரெயிலில் செல்ஃப் அடித்துக்கொண்டே ஹை பிரஷர் குழாயைத் தளர்த்திக் காற்று எடுக்கவும் கூடாது. அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காற்று எடுப்பதெல்லாம் ஹை பிரஷர் பம்புக்கு முந்தைய லோ பிரஷர் பக்கத்தோடு சரி.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். காலையில் நன்றாக எடுத்து, சூடான பிறகு மக்கர் செய்தால் அது பெரும்பாலும் காற்றாக இருக்காது. சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இன்ஜெக்டர் வழியாக ரிட்டர்னுக்கு, அதாவது டேங்குக்குத் திரும்பும் குழாய்க்கு, கசிந்துகொண்டிருக்கலாம். தேய்மானத்தால் உள்ளே இருக்கும் இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. அதற்கு ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் டீசலையும் அளவுக் குப்பியில் பிடித்து ஒப்பிட வேண்டும்.

வாசகரின் வண்டிக்கு வருவோம். நாளைக் காலை செல்ஃப் அடிக்கும் முன், எலெக்ட்ரிக் பம்பாக இருந்தால் சாவியை மூன்று நான்கு தடவை ஆன் செய்து பம்பை ஓடவிடுங்கள். கையால் டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமர் இருந்தால் கெட்டிப்படும்வரை அடியுங்கள். உடனே எடுத்தால் காற்று என்பது ஏறக்குறைய உறுதி. அப்புறம் டீசல் தாங்கும் ஒளிபுகும் ஹோஸ் ஒரு துண்டை ஃபீட் பம்புக்கு முன்னால் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். குமிழிகள் வரிசையாக ஓடினால் அதே துண்டை ஒவ்வொரு இணைப்பாக டேங்கை நோக்கி நகர்த்துங்கள். குமிழி தெரிந்த இடத்துக்கும் தெரியாத இடத்துக்கும் நடுவில்தான் ஓட்டை இருக்கிறது.